காது கேட்கிறது, வாக்கியம் எட்டவில்லை

“அவனுக்கு எல்லாம் புரியுதுங்க, பேசத்தான் மாட்டேங்கிறான்.” பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் வருவார்கள். கையில் ஆதாரமும் இருக்கும். “செருப்பைப் போடு” என்றால் போடுகிறான். “தட்டை எடுத்துட்டு வா” என்றால் எடுத்து வருகிறான். ஆனால் அதைச் சொல்லும் நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். அம்மாவின் தோளில் பை தொங்குகிறது, கண் செருப்பு ஸ்டாண்டின் பக்கம் போகிறது, வாசலில் அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். அம்மா வாயே திறக்காமல் இருந்தாலும் அவன் செருப்பைப் போட்டிருப்பான். குழம்பு மணக்கும் வேளையில் தட்டு எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சூழ்நிலை புரிந்திருக்கிறது. வாக்கியம் புரிந்ததா என்பது இன்னும் தெரியாது.

பேசாத பிள்ளையை வீடே கவனிக்கும். புரியாத பிள்ளை கண்ணில் படாமல் நழுவிவிடும். ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அவனுக்குப் பெயர்கள் கிடைக்கத் தொடங்கும்: கவனம் இல்லை, சொல்பேச்சு கேட்பதில்லை, மந்தம், அழுத்தக்காரன். அடியும் கிடைக்கலாம்.

இந்தக் குறைபாட்டுக்கும் பெயர்கள் ஏராளமாக இருந்தன. மொழியை உள்வாங்கும் குறைபாடு, குறிப்பிட்ட மொழிக் குறைபாடு, வளர்ச்சிசார் அஃபேசியா (அஃபேசியா என்றால் மொழித்திறன் குன்றுவது) என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிவந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் உளவியலாளர் டோரதி பிஷப் முன்னின்று, ஆங்கிலம் பேசும் நாடுகளைச் சேர்ந்த 50-க்கும் மேற்பட்ட வல்லுநர்களைக் கலந்து 2016, 2017-இல் ஒரு பொதுப் பெயருக்கு வந்தார்கள்: வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, சுருக்கமாக டி.எல்.டி. காது கேளாமை, ஆட்டிசம், மூளைக் காயம் போன்ற வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல், மொழியைப் புரிந்துகொள்வதும் பயன்படுத்துவதும் அன்றாட வாழ்வையும் படிப்பையும் பாதிக்கும் அளவுக்குப் பின்தங்கி, அது தானாகச் சரியாகும் அறிகுறியும் இல்லாவிட்டால் இந்தப் பெயர் பொருந்தும். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளி சேரும் வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து கர்ட்னி நார்பரி குழுவினர் 2016-இல் வெளியிட்ட கணக்கில் இது சுமார் 7.5 சதவீதம். 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள்.

“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு, இப்ப நல்லா இல்லையா?” என்று பாட்டிகள் தைரியம் சொல்வார்கள். அந்தத் தகவல் ஆறுதலுக்கு உரியதல்ல. இந்தக் குறைபாடு குடும்பத்தில் வழிவழியாக வரும் இயல்புடையது. அப்பா தாமதமாகப் பேசினார் என்பது காத்திருக்காமல் பரிசோதிக்க ஒரு காரணம்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். நோயைப் பெயரிட்டு முடிவு கட்ட இது போதாது, ஆனால் சந்தேகத்தைத் தெளிவாக்கும். இங்கிலாந்தின் டர்பிஷயரில் உருவான ஒரு பயிற்சி முறை, வாக்கியத்தில் எத்தனை சொற்கள் உண்மையில் ‘வேலை செய்கின்றன’ என்று எண்ணச் சொல்லும். தரையில் ஒரு ஸ்பூன், ஒரு சாவி, ஒரு டம்ளர், ஒரு டப்பா வையுங்கள். “சாவியை டப்பாவுல போடு” என்று சொல்லுங்கள். ஸ்பூனா சாவியா, டம்ளரா டப்பாவா என்று பிள்ளை இரண்டு இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘போடு’ என்பதில் தேர்வு ஏதும் இல்லை, அதனால் அது கணக்கில் வராது. ஆக இது இரண்டு சொல் வாக்கியம். சாவியும் டப்பாவும் மட்டும் இருந்தால் அது பூஜ்யம் சொல் வாக்கியம், காது கேட்காமலேயே செய்துவிடலாம். பெரிய ஸ்பூன், சின்ன ஸ்பூன், பெரிய சாவி, சின்ன சாவி என்று வைத்து “சின்ன ஸ்பூனை டம்ளர்ல போடு” என்றால் மூன்று சொல். இரண்டு சொல் சுமார் இரண்டு, இரண்டரை வயதிலும், மூன்று சொல் சுமார் மூன்று, மூன்றரை வயதிலும் கைகூட வேண்டும்.

பெரும்பாலோர் இந்தச் சோதனையைச் சொதப்பும் இடங்கள் உண்டு. சொல்லும்போது கண் டப்பாவைப் பார்க்கும். கை தானாக நீளும். பிள்ளையின் விரல் சரியான பொருளை நெருங்கும்போது நம் முகம் மலரும், தப்பான பொருளுக்குப் போனால் புருவம் ஏறும். பிள்ளைகள் இதைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள், அதிலும் மொழி எட்டாத பிள்ளை அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது. எனவே கையைக் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளையின் நெற்றியைப் பாருங்கள், ஒரே தடவை சொல்லுங்கள், சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இரண்டு சொல் வாக்கியத்தை நான்கில் ஒரு தடவை குருட்டாம்போக்கிலேயே சரியாகச் செய்துவிட முடியும். அதனால் பொருள்களை மாற்றி மாற்றி 5 தடவை பாருங்கள். அதில் நான்கு தடவையாவது சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இன்னொரு சோதனை, திருப்பிச் சொல்லச் சொல்வது. “பாட்டி குடுத்த பந்தை தம்பி தண்ணில போட்டுட்டான்” என்று சொல்லி, அப்படியே சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை “தம்பி பந்து தண்ணி போட்டான்” என்று திருப்பினால், உருபுகளும் எச்சமும் எங்கே கழன்று விழுகின்றன என்பது நேரடியாகத் தெரியும். கேட்ட வாக்கியத்தைக் கிளிப்பிள்ளை போல யாரும் திருப்புவதில்லை. பிரித்து, புரிந்து, மறுபடி கட்டித்தான் சொல்கிறோம். அதனால்தான் பல மொழிகளில் இந்தச் சோதனை குறைபாட்டை நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது.

தமிழ் இந்தப் பிள்ளைகளை எங்கெங்கே தடுக்கிவிடுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயிற்சிப் புத்தகங்களில் இது இருக்காது. “நாய் துரத்தின பூனை”, “நாயைத் துரத்தின பூனை” இரண்டையும் பாருங்கள். சொற்களும் வரிசையும் ஒன்றே. ஒரே ஒரு ‘ஐ’ வந்து துரத்தியவரையும் ஓடியவரையும் இடம் மாற்றிவிடுகிறது. மொழிக் குறைபாடு உள்ள பிள்ளை முதலில் வரும் பெயரைச் செய்தவனாக எடுத்துக்கொள்ளும். “பூனையை நாய் கடிச்சுது” என்றால் பூனை கடித்ததாகப் படத்தைக் காட்டும். ஓரசை உருபு, அழுத்தம் இல்லாமல் வேகத்தில் கரைந்துவிடுவது. அதைப் பிடிக்கும் நேரத்துக்குள் வாக்கியம் கடந்து போயிருக்கும்.

அடுத்தது ‘முன்னாடி’. “சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவு.” இரண்டாவதாகச் செய்ய வேண்டியது முதலில் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் இதைத் திருப்பிப்போட்டு, செய்யும் வரிசையிலேயே சொல்ல இடம் உண்டு. தமிழில் ‘முன்னாடி’ வாக்கியம் இயல்பாகவே தலைகீழ். காதில் விழும் வரிசையை நம்பும் பிள்ளை நேராகத் தட்டில் கை வைக்கும், நமக்குக் கோபம் வரும். இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது: “கை கழுவிட்டுச் சாப்பிடு.” ‘-ட்டு’ சேர்த்துக் கோக்கும்போது வேலைகள் நடக்கும் வரிசையிலேயே காதில் விழுகின்றன. வீட்டிலும் வகுப்பிலும் ‘முன்னாடி’யை ‘-ட்டு’வாக மாற்றுவது காசு செலவில்லாத உதவி. ஒரு வாக்கியத்தில் இரண்டு ‘-ட்டு’வுக்கு மேல் வேண்டாம். “பல் விளக்கிட்டு, குளிச்சிட்டு, டிரஸ் போட்டுட்டு, பையை எடுத்துட்டு வா” என்றால் கடைசியாகக் கேட்ட பை மட்டும் வந்து சேரும்.

எழுவாயை விழுங்கிவிடுவது நம் இன்னொரு பழக்கம். “குடுத்தாச்சா?” என்றால் யார், எதை, யாருக்கு என்பதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பும் வேலைதான் இந்தப் பிள்ளைக்கு வராத வேலை. “டீச்சர்கிட்ட நோட்டைக் குடுத்தியா?” என்று முழுதாகக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய மேடு பாடப்புத்தகத் தமிழ். வீட்டில் ‘போனாங்க’, புத்தகத்தில் ‘சென்றனர்’. வீட்டில் ‘இருந்துச்சு’, புத்தகத்தில் ‘இருந்தது’. மற்ற பிள்ளைகள் இந்த இரட்டை வழக்கைக் கொஞ்ச நாளில் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இவர்களுக்கு அது வேறொரு மொழி போல. அதே நேரம் தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலிக்கு நேர். எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளை தெரியாத சொல்லையும் வாசித்துவிடும். பத்தியைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளைக்குப் பொருள் புரியவில்லை என்று எந்த ஆசிரியருக்கும் சட்டென்று தோன்றாது. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டில் எழுத்து தடுக்கும். இங்கே எழுத்து ஓடும், பொருள் தங்காது. வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு “என்ன நடந்துச்சு?” என்று பேச்சுத் தமிழில் கேட்டால் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு முன்னால் காது. “கூப்பிட்டா திரும்பறான், சாக்லேட் கவர் பிரிச்சா ஓடி வர்றான்” என்பது கேட்கும் திறனுக்குச் சான்றாகாது. நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் 20, 30 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறையும், சளியைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறும். அவ்வளவு குறைந்தாலே போதும், உருபுகளும் சொல்லின் கடைசி அசைகளும் காணாமல் போக. நடுச்செவி அழுத்தத்தைப் பார்க்கும் இம்பிடென்ஸ் சோதனையையும், எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் வயதுக்கேற்ற ஆடியோகிராமையும் கேட்டு வாங்குங்கள். பிறந்தபோது செய்த ஓ.ஏ.இ. என்ற செவிச் சோதனை சரியாக இருந்தது என்பதோடு நிறுத்தக் கூடாது.

காது நன்றாக இருந்தும் இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிய முடியாத பிள்ளைகளுக்குச் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்று தனிப் பெயர் உண்டு. இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களைக் கேட்கவைப்பது போன்ற சோதனைகளால் அதைக் கண்டறிகிறார்கள். இந்தச் சோதனைகளைப் பொதுவாக 7 வயதுக்குக் கீழே நம்ப முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால் இன்னொரு இடத்தில் கருத்துக் கேளுங்கள்.

ஒரு அவசரக் குறி மட்டும் வேறு ரகம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சொற்களை இழந்தால், அல்லது திடீரென்று காது கேளாதவன் போல ஆகிவிட்டால், பேச்சுப் பயிற்சிக்கு வரிசையில் நிற்காதீர்கள். 1957-இல் விவரிக்கப்பட்ட லாண்டாவ்-கிளெஃப்னர் நோயில் இப்படித்தான் நடக்கும். வெளியே வலிப்பு தெரியாமலும் இருக்கலாம். தூக்கத்தில் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில்தான் பிடிபடும். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். மாத்திரை கிடையாது. நாக்கில் வசம்பு உரசுவதாலும், நாக்குக்குக் கீழே உள்ள சவ்வை வெட்டிவிடுவதாலும் வாக்கியம் புரிய ஆரம்பிக்காது. கோளாறு நாக்கில் இல்லை. இருப்பதிலேயே நல்ல சான்று உள்ள முறைகளில் ஒன்று பார்வைக்கு மிகச் சாதாரணமானது: பிள்ளை சொன்னதைச் சரியான வடிவில் திருப்பிச் சொல்வது. பிள்ளை “தம்பி பால் ஊத்து” என்றால் நீங்கள் “ஆமா, தம்பி பாலை ஊத்தினான்” என்கிறீர்கள். “தப்பு, சரியாச் சொல்லு” என்று நிறுத்துவதில்லை, திருப்பிச் சொல்ல வற்புறுத்துவதுமில்லை. எளிதாகத் தெரிகிறதே என்று செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் அளவில் கோட்டை விடுகிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒரு நாள் காலம், மறுநாள் உருபு, அதற்கு மறுநாள் உச்சரிப்பு என்று திருத்தினால் எதுவும் ஒட்டாது.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் எலெனா பிளான்டே குழுவினர் பின்பற்றிய அளவு, சுமார் அரை மணி நேரத்தில் 24 திருப்பிச் சொல்லல்கள், எல்லாம் ஒரே ஓர் இலக்கணக் கூறுக்கு. 2014-இல் அவர்கள் கண்டது இன்னும் உபயோகமானது. 12 வினைச்சொற்களை இரண்டிரண்டு தடவை கேட்ட பிள்ளைகளைவிட, 24 வெவ்வேறு வினைச்சொற்களைக் கேட்ட பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். தமிழுக்கு இதை இறக்கினால்: மூன்று, நான்கு வாரத்துக்கு ‘ஐ’ மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சாமான்களோடு உட்கார்ந்து, “கரடியைத் தூக்கினான், பந்தை உருட்டினான், மூடியைத் திறந்தான், காரைத் தள்ளினான்” என்று வினையும் பொருளும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், ‘ஐ’ மட்டும் மாறாமல் நிற்க வேண்டும். “பந்தை எடு, பந்தை எடு” என்று நூறு தடவை சொன்னால் ‘பந்தை’ ஒரே சொல்லாக மனப்பாடம் ஆகும், ‘ஐ’ தனியே பிரியாது. ஒவ்வொரு தடவையும் பிள்ளை உங்களைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். காருக்குள் தலையை விட்டிருக்கும்போது சொன்னது கணக்கில் சேராது.

இடையில் ஒரு சிக்கல். வினைமுற்றின் விகுதியைப் பழக்கும்போது ‘அம்மா வந்தா’ என்பதா, ‘அம்மா வந்தாங்க’ என்பதா? வீட்டில் எது வழக்கமோ அதுவே. தெரபிஸ்ட் ஊர் வேறு, வழக்கு வேறாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘வந்தாள்’ என்று புத்தகத் தமிழில் பழக்கப்பட்ட பிள்ளையைத் தெருப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அது தேவையில்லாத சுமை.

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் விளையாட்டு மட்டும் போதாது. விதியைக் கண்ணுக்குக் காட்டிவிடலாம். சர்ரேயின் மூர் ஹவுஸ் பள்ளியில் சூசன் எப்பெல்ஸ் உருவாக்கிய வடிவக் குறியீட்டு முறையில், வாக்கியத்தின் உறுப்புகள் வடிவங்களுக்குள்ளும் நிறங்களிலும் எழுதப்படுகின்றன. தமிழுக்கு அட்டையில் நீங்களே செய்துகொள்ளலாம். செய்பவருக்கு வட்டம், செயலுக்கு முக்கோணம், ‘ஐ’ ஒட்டிய சொல்லுக்குச் சதுரம், ‘ஐ’ எழுத்து மட்டும் சிவப்பில். “பூனையை நாய் கடித்தது”, “நாய் பூனையைக் கடித்தது” இரண்டையும் அடுக்கி, சதுரம் எங்கே நகர்ந்தாலும் கடி வாங்கியது அதுவே என்று பொம்மையை வைத்துக் காட்டுங்கள். பிள்ளை அட்டையை நகர்த்தட்டும், நீங்கள் பொம்மையை அசையுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

சொல்வளத்துக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச் சொல்லை அர்த்தத்தால் மட்டும் சொல்லிக்கொடுத்தால் தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது, “அது… அந்த இது…” என்று இழுக்கும். அசை தட்டிக் காட்டுங்கள் (‘மரங்கொத்தி’, நான்கு தட்டு), எந்த ஒலியில் தொடங்குகிறது, எங்கே பார்ப்போம், என்ன செய்யும் என்று ஒலியும் பொருளும் சேர்த்துக் கட்டுங்கள். வாரத்துக்கு 5, 6 சொற்கள் போதும்.

விலை உயர்ந்த கணினி விளையாட்டுகள் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்லலாம். ஒலிகளை மெதுவாக்கி மூளையைப் பழக்குவதாகப் புகழ்பெற்ற ஃபாஸ்ட் ஃபார்வேர்டு மென்பொருளை, 2008-இல் ரொனால்டு கில்லம் குழுவினர் 216 பிள்ளைகளிடம் ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்கு அந்த மென்பொருள், ஒரு பிரிவுக்கு வேறு மொழி மென்பொருள், ஒரு பிரிவுக்கு நேரடி மொழிப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு மொழியைக் குறிவைக்காத பொதுக் கல்வி விளையாட்டுகள். நாளுக்கு 1 மணி 40 நிமிடம், வாரம் 5 நாள், 6 வாரம். நான்கு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. கடன் வாங்கி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று யூடியூபில் சுற்றும் பெயரையும் நம்ப வேண்டாம், நோய்ப் பட்டியல்களில் அப்படி ஒன்று இல்லை. செல்போன் இந்தக் குறைபாட்டை உண்டாக்குவதாகவும் சான்று இல்லை. ஆனால் அது எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணியும் பிள்ளையோடு யாரும் பேசாத மணி.

“தமிழை நிறுத்திட்டு வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க” என்ற பள்ளி அறிவுரை இருக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. மான்ட்ரியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்து வளர்ந்த, இந்தக் குறைபாடு உள்ள சுமார் 7 வயதுப் பிள்ளைகளை ஜோஹன் பாரடிஸ் குழுவினர் ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள் கூடுதலாக ஒன்றும் தடுமாறவில்லை. அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா பேசினால், பிள்ளைக்குக் கிடைப்பது “கம், சிட், ஈட்” போன்ற சில கட்டளைகள்தான். குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும், ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது பழக்கக் குறைவு. அதனால் பரிசோதனையும் தமிழில் நடக்க வேண்டும்.

வகுப்பில் செய்ய வேண்டியவை சில. ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். தலைக்கு மேல் லொடலொடக்கும் மின்விசிறி அப்படியே இருக்கும். ஆகவே இடம் முன்னால், விசிறிக்கும் சாலைப்பக்க ஜன்னலுக்கும் தள்ளி. முதல் வரிசையைவிட இரண்டாம் வரிசை நல்லது என்பேன், முன்னால் இருப்பவன் எந்தப் புத்தகத்தை எடுக்கிறான் என்று பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். 3 விநாடியாக்கினாலே எல்லாப் பிள்ளைகளின் பதிலும் நீண்டது. இந்தப் பிள்ளைக்கு 5 முதல் 10 விநாடி கொடுங்கள். காத்திருக்கும்போது கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். பாதி பிரித்த வாக்கியத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

கணக்கில் இவர்கள் விழுவது கழித்தலில் அல்ல. “ராமுவிடம் இருந்த 12 மாம்பழங்களுள் 5-ஐத் தன் தங்கைக்குக் கொடுத்தான் எனில், எஞ்சியவை எத்தனை?” ‘உள்’, ‘தன்’, ‘எனில்’, ‘எஞ்சியவை’ நான்கும் வீட்டில் கேட்காத சொற்கள். “ராமுகிட்ட 12 மாம்பழம் இருந்துச்சு. தங்கச்சிக்கு 5 குடுத்தான். மீதி எத்தனை?” என்று கேட்டால் 7 வந்துவிடும். முதலில் இந்த வடிவில் போடவைத்து, பிறகு ‘எனில்’ போன்ற சொற்களை ஒவ்வொன்றாக அட்டையில் எழுதி, பேச்சு வடிவை எதிரே எழுதிப் பழக்கலாம். பத்தாம் வகுப்பு வரை தேவைப்படும் சொற்கள் எண்ணிப் பார்த்தால் ஒரு நோட்டுக்குள் அடங்கிவிடும்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும், 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் உள்ளன. தனியாரிடம் போனால் தெரபிஸ்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. வாரம் ஒரு 45 நிமிடத்தால் மட்டும் மொழி மாறாது. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்காரச் சொல்லும் இடத்தைவிட, உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வாரம் எந்த உருபு, எப்படித் திருப்பிச் சொல்வது என்று செய்து காட்டும் இடம் மேல்.

சான்றிதழில் ஒரு நுணுக்கம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ‘பேச்சு மற்றும் மொழி ஊனம்’ என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அதில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் திரும்பி வரும், ஏனென்றால் அதன் வரையறை குரல்வளை நீக்கம், அஃபேசியா போன்ற உடல், நரம்புக் காரணங்களைச் சொல்கிறது. நமக்குப் பொருந்துவது ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகை. அதன் வரையறையிலேயே பேச்சிலும் எழுத்திலும் மொழியைச் செயலாக்குவதில் உள்ள குறை என்று இருக்கிறது, வளர்ச்சிசார் அஃபேசியாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2018-இல் வெளியான மதிப்பீட்டு விதிகளின்படி 8 வயது முடிந்த பிறகே அந்தச் சான்றிதழ் தந்தார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்காக எட்டு வயது வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை, தேர்வறைச் சலுகைக்குத்தான் தேவை. மூன்று வயதிலிருந்து எடுத்த ஆடியோகிராம், மொழிப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் தேதிவாரியாக வைத்திருங்கள், மருத்துவக் குழுவின் முன்னால் அந்த ஃபைல் வேலையைச் சுலபமாக்கும்.